‘இந்தப் பையை வாங்கினால் ஒரு பெண் படிப்பாள்’: பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்கலாம்

போன ஆடியில் என் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பையின் படங்களை அனுப்பினாள். ஐந்து படம். கீழே, “அத்தை, 899 ரூபாய். ஒரு பை வாங்குனா ஒரு பொம்பளப் பிள்ளை படிப்புக்கு உதவி போகுதாம். வாங்கவா?” என்று கேட்டிருந்தாள். நாலாவது படம் பையின் உள்பக்கம். அதைப் பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே, துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் தையல் வெளிர்நீல நூலில் இருந்தது.

நான் மதுரை வில்லாபுரத்தில் 12 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறேன். அந்த ஆர்டர் 2,000 பை. கடைசி 300 பை மிச்சம் இருக்கும்போது வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, நூல் கடை இல்லை, ராத்திரி வண்டி வருகிறது. கையில் இருந்த வெளிர்நீலத்தைப் போட்டு அடித்துவிட்டோம். ஆர்டர் கொடுத்தவர்களும் பார்த்துவிட்டு, “உள்ளதானக்கா, பரவாயில்ல” என்று விட்டுவிட்டார்கள். ஆக, வாங்கலாமா என்று என் அண்ணன் மகள் என்னிடம் கேட்டது நாங்களே தைத்த பையை.

துணி அவர்களுடையது. பிரிண்டும் அவர்களே அடித்துக் கொண்டுவந்தார்கள். வெட்டி, தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டிக் கொடுக்க எங்களுக்கு ஒரு பைக்கு 21 ரூபாய். நான் 23 கேட்டேன். “நல்ல காரியத்துக்குக்கா, கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்று இரண்டு ரூபாயைக் குறைத்தார்கள். அந்த நல்ல காரியத்துக்கு முதல் நன்கொடை எங்கள் ஷெட்டிலிருந்துதான் போயிருக்கிறது. அதற்கு ரசீதெல்லாம் கிடையாது.

இப்படி விற்கும் பொருள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்கள் குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சொல்லாத பகுதியை எப்படித் தேடுவது என்று அவளுக்கு எழுத ஆரம்பித்த மெசேஜ் நீண்டுகொண்டே போனது. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதலில் அதைப் பையாகப் பாருங்கள்

பையில் தொங்கும் டேக்கை ஒரு கையால் மூடிக்கொள்ளுங்கள். பெண் குழந்தை, மரம், ஆமை, புற்றுநோய் என்று அதில் எழுதிய எதுவும் கண்ணில் படக் கூடாது. இப்போது பொருளைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் குறுக்குத் தையல் இருக்கிறதா, இல்லை இரண்டு ஓட்டு ஓட்டி விட்டிருக்கிறார்களா? ஓரம் மடித்து அடித்திருக்கிறதா, நூல் பிரிகிறதா? கடையில் என்றால் கையால் இழுத்துப் பாருங்கள். ஆன்லைன் என்றால் உள்பக்கப் படம் கேளுங்கள். அது இல்லை என்றால் அங்கேயே பாதி சந்தேகப்படலாம்.

அப்புறம் விலை. அந்தப் பைக்கு என் கணக்கைச் சொல்கிறேன். கேன்வாஸ் துணி 52 ரூபாய், பிரிண்ட் 12, கைப்பிடி நாடா 9, எங்கள் கூலி 21, டேக்கும் கவரும் 6, வண்டி வாடகை 4. மொத்தம் 104. ஏற்ற இறக்கம் வைத்து 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது 2,000 பை போடும்போது வரும் கணக்கு. நூறு பை போட்டால் கூடும். இதே தரத்தில் பிரிண்ட் இல்லாத பையை விளக்குத்தூண் பக்கம் 150 ரூபாய்க்கு நானே வாங்கித் தருவேன். பை வெறும் பையாகப் போதும் என்றால் இன்னும் கீழே போகலாம். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு, 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷினை அரசாங்கமே பல ஊர்களில் வைத்தது.

899இல் 150 போனால் 749. நல்ல மனசுக்காக நாம் கூடுதலாகக் கொடுப்பது அந்த 749தான். இனி நம் கேள்வியெல்லாம் அதைப் பற்றி மட்டும். அது எங்கே போகிறது?

டேக்கில் உள்ள வாக்கியத்தைப் பத்திரம் மாதிரிப் படியுங்கள்

நிலப் பத்திரத்தில் ‘நான்கு எல்லைக்கு உட்பட்ட’ என்று எழுதாவிட்டால் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். இந்த டேக்குகளில் எல்லையே இருக்காது. நாங்கள் கட்டிய டேக்கில் இருந்த வரி: “உங்கள் பை ஒரு பெண்ணின் கல்விப் பயணத்தில் துணை நிற்கிறது.” துணை நிற்கிறது என்றால் எத்தனை ரூபாய்? எந்தப் பெண்? எந்த ஊர்? அழகான வாக்கியம்தான், கோர்ட்டில் நிற்காது.

அடிக்கடி வரும் சில சொற்களுக்கு என் அகராதி இது.

‘லாபத்தில் ஒரு பகுதி’ என்றால் ஒரு பைசாவும் ஒரு பகுதிதான். 

‘லாபத்தில் 10 சதவீதம்’ கொஞ்சம் மேல், ஆனால் லாபம் எது என்று முடிவு செய்வது அவர்கள். 899 என்று போட்டிருப்பார்கள். முதல் ஆர்டருக்கு 20 சதவீதக் கூப்பன் போனால் 719. பைக்கு 110 போனால் 609. அதில் வரி, கூரியர், திரும்பி வரும் பார்சல், இன்ஸ்டாகிராம் விளம்பரம், மாடலுக்கு, போட்டோவுக்கு, ஆபீஸ் வாடகைக்கு, சம்பளத்துக்கு எல்லாம் போய் 60 ரூபாய் மிஞ்சலாம். அதில் 10 சதவீதம் 6 ரூபாய். இது என் மனக்கணக்கு, அவர்கள் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் லாபத்தில் சதவீதம் என்று போடுகிறவர் இப்படிக் கணக்குக் காட்டினால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது.

‘அதிகபட்சம் இவ்வளவு லட்சம் வரை’ என்பது சின்ன எழுத்தில் இருக்கும். அந்தத் தொகை எட்டிவிட்டால் அதற்குப் பிறகு வாங்குகிறவர் பணத்தில் ஒரு ரூபாய்கூட அங்கே போகாது. டேக் மட்டும் அப்படியே இருக்கும். தொகை எட்டியாச்சா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

‘விழிப்புணர்வுக்காக’ என்றால் பணம் எங்கேயும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 

இருப்பதிலேயே நேர்மையான வாக்கியம் மிகச் சாதாரணமாக இருக்கும்: “ஒவ்வொரு பைக்கும் 50 ரூபாய், இந்தப் பெயருள்ள அறக்கட்டளைக்கு, இந்தத் தேதி வரை.” தொகை, பெயர், தேதி மூன்றும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

பெரிய கம்பெனி என்றால் இன்னொன்றும் கேட்கலாம். 2013ஆம் வருட கம்பெனிச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, லாபம் 5 கோடி இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவழித்தே ஆக வேண்டும். நீங்கள் பை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போக வேண்டிய பணம் அது. ஆகவே, “நீங்க சொல்ற உதவி அந்த 2 சதவீதத்துக்குள்ளயா, அதுக்கு மேலயா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

இது புதுசு இல்லை

1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு கம்பெனி, நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையைப் பழுது பார்க்க, கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சென்ட், புதுக் கார்டுக்கு ஒரு டாலர் தருவதாகச் சொன்னது. சிலைக்கு 17 லட்சம் டாலர் கிடைத்தது. கார்டு தேய்ப்பு கால்வாசிக்கு மேல் கூடியது. நல்ல காரியத்தைச் சொன்னால் சரக்கு ஓடும் என்று வியாபாரிகளுக்குத் தெரிந்துபோனது அப்போதுதான்.

2006இல் பாடகர் போனோவும் பாபி ஷ்ரைவரும் ‘ரெட்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கேப், கன்வர்ஸ், அர்மானி போன்ற உடை, ஷூ கம்பெனிக்காரர்கள் சிவப்புச் சட்டை, சிவப்பு ஷூ விற்று, அதில் ஒரு பங்கை எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்துக்குத் தந்தார்கள். மறு வருடமே ‘அட்வர்டைசிங் ஏஜ்’ பத்திரிகை, விளம்பரத்துக்கு 10 கோடி டாலர் வரை போயிருக்கிறது, திரட்டியது 1 கோடியே 80 லட்சம்தான் என்று எழுதியது. ரெட் தரப்பு அந்தக் கணக்கை மறுத்தது. இதையும் சொல்லியாக வேண்டும்: இத்தனை வருடத்தில் அந்த வழியாக 70 கோடி டாலருக்கு மேல் மருந்துக்கும் சிகிச்சைக்கும் போயிருக்கிறது. பணம் யாருக்குப் போகிறது என்று அவர்கள் முதல் நாளே பெயர் சொன்னார்கள். அதனால்தான் பத்திரிகைக்காரரால் கணக்குக் கேட்க முடிந்தது.

டாம்ஸ் என்ற ஷூ கம்பெனியின் கதை வேறு மாதிரி. அதே 2006. ஒரு ஜோடி வாங்கினால் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி. கணக்கில் குழப்பமே இல்லை, ஒன்றுக்கு ஒன்று. பிறகு எல் சால்வடாரில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். குழந்தைகள் ஷூவை ஆசையாகப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் உடம்பு நலத்திலோ, பள்ளிக்கூடம் போவதிலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. பிறர் வந்து நம் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்ற எண்ணம்தான் கொஞ்சம் கூடியிருந்தது. அந்த ஆய்வுக்கு இடம் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான், அதற்கு அவர்களைப் பாராட்டணும். பிற்பாடு அந்த ஒன்றுக்கு ஒன்று முறையை விட்டுவிட்டு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று மாறிவிட்டார்கள். கொடுத்தார்களா என்பது ஒரு கேள்வி. கொடுத்தது உதவியதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும்.

யார் தைத்தது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி. தைக்கிறவள் அல்லவா.

2019இல் இங்கிலாந்தில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவின் பெயரில் ஒரு டி-ஷர்ட் விற்றார்கள். பெண்களின் சம உரிமைக்காக. விலை 19.40 பவுண்டு. அதில் 11.60 பவுண்டு ‘காமிக் ரிலீஃப்’ என்ற தொண்டு நிறுவனத்துக்கு. பாதிக்கு மேல் அல்லவா? தொகை, பெயர் எல்லாம் சுத்தம். நான் மேலே சொன்ன பரீட்சையெல்லாம் பாஸ். அப்புறம் ‘கார்டியன்’ பத்திரிகை தேடிப் போனதில், அந்தச் சட்டையைத் தைத்த பங்களாதேஷ் பெண்களுக்கு மணிக்கு 35 பென்ஸ் கூலி என்று தெரியவந்தது. ஒரு சட்டையின் விலைக்கு அந்தப் பெண் 55 மணி நேரம் தைக்க வேண்டும். பெண் உரிமைச் சட்டை!

நம் பக்கம் அப்படி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. திண்டுக்கல், திருப்பூர் பக்க நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று ஓடியது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, படிக்கிற வயதுப் பிள்ளைகளை மில் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதியில் நின்றால் மொத்தப் பணம் போச்சு. என் ஷெட்டிலேயே அப்படிப் போய் வந்த ஒருத்தி இருக்கிறாள். பெண் கல்விக்கான பை ஒன்றை, பள்ளிக்கூடத்தை விட்டுப்போன பிள்ளை நூற்ற நூலில் தைத்திருக்கவும் கூடும். அதை எந்த டேக்கும் சொல்லாது.

எங்கள் 21 ரூபாயை உடைத்துச் சொல்கிறேன். தைக்கிறவருக்கு பீஸ் ரேட் 11.50. கட்டிங் 1.50. பிசிறு வெட்டவும் செக்கிங்குக்கும் 2. நூல் 1.50. மீதி நாலரை ரூபாயில் கரண்ட், வாடகை, மெஷின் ரிப்பேர், நான். வேகமான கை ஒரு நாளைக்கு 55 பை தைக்கும். அவர்கள் குறைத்த அந்த இரண்டு ரூபாய் இருந்திருந்தால் அந்தக் கைக்கு ஒரு நாளைக்கு 110 ரூபாய் கூடியிருக்கும். அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் மகளும் படிக்கிறாள்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஷெட்டில் எல்லோரும் ஓவர்லாக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆர்டர் ஓடும்போது கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். அக்காவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, “சிரிக்காதீங்கக்கா, சும்மா தையலைப் பாருங்க” என்று எடுத்தார்கள். அண்ணன் மகள் அனுப்பிய ஐந்தாவது படம் அதுதான். கீழே ஆங்கிலத்தில், கைவிடப்பட்ட பெண்களின் கைகளால் ஆனது என்று எழுதியிருந்தது. அக்காவிடம் காட்டினேன். அவர் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். படம் எடுத்த அன்று மதியம்கூட அவர்தான் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அக்கா படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னைய யாருக்கா கைவிட்டா? இந்த மனுசன் காதுல விழுந்துச்சு, இன்னைக்கு வீட்டுல சண்டைதான்” என்றார்.

ஆகவே முகம் போட்ட விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் அந்த வாசகத்தைப் படித்திருப்பாரா? அவருடைய மொழியில் இருக்கிறதா? படத்தில் ஆள் சோகமாக இருக்கிறாரே தவிர, அவருக்கு எவ்வளவு கூலி என்று ஒரு வரிகூட இல்லையென்றால், அங்கே விற்பனைக்கு இருப்பது அந்தச் சோகம்தான்.

இதை அப்படியே அனுப்புங்கள்

கம்பெனியின் வாட்ஸ்அப்புக்கோ மெயிலுக்கோ இப்படி எழுதலாம். காப்பி பண்ணிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். உங்கள் பையை வாங்க நினைக்கிறேன். 1. ஒரு பைக்கு எத்தனை ரூபாய் நன்கொடையாகப் போகிறது? 2. எந்த அமைப்புக்கு, அதன் பதிவு எண் என்ன? 3. போன வருடம் மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள்? 4. பையைத் தைத்தது யார், ஒரு பைக்குத் தையல் கூலி என்ன?”

நாலு கேள்விதான். மரியாதையாகக் கேளுங்கள். பதில் எழுதுகிறவர் சம்பளத்துக்கு இருக்கும் சின்னப் பிள்ளையாக இருக்கும். முதல் மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால் நல்ல இடம். நாலாவதுக்கும் வந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே இரண்டு பை வாங்குகிறேன்.

பதில் வந்த அமைப்பின் பெயரை வைத்து ஒரு காரியம் செய்யுங்கள். அவர்களுக்கே போன் போடுங்கள். பை விற்கிறவருக்கு இல்லை, பணம் வாங்குகிறவருக்கு. இந்தப் பைக்கான டிரஸ்ட்டின் பெயர் வேறு வழியில் தெரிந்து, நானும் போட்டேன். மாணவிகளுக்கு ஃபீஸ் கட்டும் சின்ன டிரஸ்ட் அது. எடுத்தவர் தங்கமான மனிதர், நோட்டைப் புரட்டிப் பார்த்தே சொன்னார்: “ஆமாம்மா, ஒரு செக் வந்துச்சு, 40,000.” அவ்வளவுதானா? “அவ்வளவுதாம்மா. அதுவே எங்களுக்குப் பெருசு.” எங்கள் ஷெட்டில் போட்டது மட்டும் 2,000 பை. எல்லாம் விற்றிருந்தால் ஒரு பைக்கு 20 ரூபாய். எங்கள் தையல் கூலியைவிட ஒரு ரூபாய் குறைச்சல். பாதிதான் விற்றது என்றே வைத்துக்கொண்டாலும் 40. 749இல் 40.

காகிதங்கள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அலுப்பான வேலை.

அமைப்பு டிரஸ்ட்டா, சங்கமா, கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வந்த கம்பெனியா என்று கேளுங்கள். மூன்றாவது என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் வருடக் கணக்கைப் பார்க்கலாம். நிதி ஆயோக்கின் ‘தர்பண்’ தளத்தில் தொண்டு நிறுவனங்களைத் தேடலாம். ஆனால் அங்கே பெயர் இருப்பது நல்லவர் என்ற சர்ட்டிபிகேட் இல்லை. வீட்டு எண் இருக்கிறது என்கிற மாதிரிதான். பை விற்கும் கம்பெனியும் பணம் வாங்கும் பவுண்டேஷனும் ஒரே விலாசத்தில் இருந்தால், வலது சட்டைப்பையிலிருந்து இடது சட்டைப்பைக்குப் போகிறதா என்று இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

வரி. பொருள் வாங்கினால் 80ஜி கழிவு (நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை) கிடையாது, அது நன்கொடை இல்லை, வியாபாரம். “எங்களுக்கு 80ஜி இருக்கு” என்று பைக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அது அமைப்புக்கு இருக்கிறது, உங்கள் பில்லுக்கு இல்லை. நேரடியாக நன்கொடை கொடுத்தால்தான் ரசீது வரும். அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது, புது வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்று கையில் ஆதாரம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டேக்கையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் சரக்கு

மதுரைக்காரர்களுக்குத் துணியும் தர்மமும் சேர்ந்து வருவது புதிதல்ல. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி இடுப்புத் துணிக்கு மாறியது இங்கே மேலமாசி வீதியில்தான். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க்கடை இருக்கிறது. அந்த முடிவுக்கு வந்ததைப் பற்றி அவரே சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மதுரைக்கு வரும் ரயிலில், அந்நியத் துணி போட்டிருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ‘கதர் விலை கூட, வாங்கும் வசதி இல்லை’ என்று தலையை ஆட்டியிருக்கிறார்கள். நல்ல காரியத்துக்கான துணி ஏழை வாங்க முடியாத விலையில் இருந்தது அன்றைக்கே. பிறகு 1935இல் நூற்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தி, கதர் வேலையைக் கவனித்த அகில இந்திய நூற்போர் சங்கம் தீர்மானமே போட்டது. விலை இன்னும் ஏறும் என்று தெரிந்தேதான். அந்த ஏற்றம் ராட்டைக்காரிக்குப் போனது. இன்றைக்கு வாங்கும்போது நாம் தேட வேண்டியது அந்த மாதிரி விலையேற்றத்தை.

முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி எடுக்கும் துணியான சுங்குடிக்கு வருவோம். மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறம் ‘கைவினைஞரை வாழவையுங்கள்’ என்று சுங்குடி துப்பட்டா 2,000, 3,000க்கு ஆன்லைனில் வருகிறது. கையால் முடிச்சுப் போட்டதென்றால் ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு. அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஆனால் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலானது மெழுகு அச்சு. அதிலும் தப்பில்லை, அதுவும் உழைப்பு, நானே உடுத்துகிறேன். முடிச்சு விலை சொல்லி அச்சை விற்றால்தான் தப்பு. கையில் வாங்கிப் பாருங்கள். முடிச்சு அவிழ்த்த துணி சின்னச் சின்னதாகக் கூம்பி நிற்கும், தடவினால் தெரியும். புள்ளிகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது, வரிசை லேசாக அலையும். புள்ளியெல்லாம் அளவெடுத்த மாதிரி ஒரே வட்டமாக இருந்தால் அச்சு. தெற்குமாசி வீதியில் கடைக்காரரிடம் “முடிச்சா, பிரிண்ட்டா?” என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார். நல்ல காரியம் பேசும் வெப்சைட்தான் ‘பாரம்பரியம்’ என்று இழுக்கும்.

கைத்தறி என்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள். கதர் என்ற பெயரில் விற்க ‘காதி மார்க்’ வேண்டும். நெசவாளருக்கு உதவத்தான் ஆசை என்றால் 1935இலிருந்து கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுடையது. கலர் கொஞ்சம் பழைய மாதிரி இருக்கும், சில கடைகளில் பில் போடுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் யார் நெய்தது என்ற கேள்விக்குப் பதில் அங்கே உண்டு.

நல்ல காரியத்துக்கென்று கல்லூரி விழாவில் விற்கும் ரப்பர் வளையம், ஓட்டப்பந்தய டி-ஷர்ட் இதெல்லாம் சின்னத் தொகை. தெரிந்த பிள்ளைகள் விற்றால் வாங்கிவிடுங்கள், “மொத்தம் எவ்வளவு சேந்துச்சு, ரசீதைக் காமி” என்று விழா முடிந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். அடுத்த வருடம் தானாக நோட்டுப் போட்டு எழுதுவார்கள்.

அப்போ என்னதான் செய்வது?

பை பிடித்திருந்தால், விலை கட்டுப்படியானால், பைக்காக வாங்குங்கள். அழகான பையை அழகுக்காக வாங்குவதில் என்ன குற்றம்? உதவ வேண்டும் என்றால் அதைத் தனியாகச் செய்யுங்கள். 150க்குப் பையை வாங்கிவிட்டு மிச்சம் 749ஐ நான் போன் போட்ட மாதிரி ஒரு டிரஸ்ட்டுக்கு நேரே அனுப்பலாம். முழு 749உம் போகும், ரசீதும் வரும். பக்கத்துத் தெருவில் நோட்டு வாங்கக் காசில்லாத பிள்ளை இருந்தால் கையிலேயே கொடுக்கலாம், அனுப்பும் வேலையும் மிச்சம்.

இரண்டும் ஒன்றாக நடக்கவே நடக்காது என்றும் இல்லை. 1976இல் 11 படுக்கையோடு இதே ஊரில் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், காசு கட்டிப் பார்க்கிறவர்கள் பணத்தில்தான் காசில்லாதவர்களுக்கும் ஆபரேஷன் நடக்கிறது. என் அம்மாவுக்கு அங்கேதான் கண்புரை எடுத்தோம். காசு கட்டி. பில்லில் ‘உங்கள் கண் இன்னொரு கண்ணுக்குத் துணை நிற்கிறது’ என்று யாரும் எழுதவில்லை.

அண்ணன் மகள் அந்த நாலு கேள்வியையும் அனுப்பினாள். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: எங்கள் பயணத்தில் இணைந்ததற்கு நன்றி, ஒரு இதயப் படம், 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அவள் வாங்கவில்லை. ஷெட்டில் கைப்பிடி கோணலாகி ரிஜெக்ட் ஆன பை ஏழு கிடந்தது, அவர்களும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதில் ஒன்றைப் பிரித்து நேராக அடித்துக் கொடுத்தேன். உள்ளே வெளிர்நீல நூல். அதைத்தான் கல்லூரிக்கு மாட்டிக்கொண்டு போகிறாள்.

போன வாரம் அதே கம்பெனியிலிருந்து போன். 3,000 பை, இந்தத் தடவை மரம் நடுவதற்காம். ஒரு பைக்கு 25 ரூபாய், டேக்கில் எங்கள் ஆட்கள் யார் முகமும் வரக் கூடாது, வந்தால் கீழே என்ன எழுதப்போகிறீர்கள் என்று தமிழில் முதலில் காட்ட வேண்டும் என்றேன். “யோசிச்சுச் சொல்றோம்க்கா” என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை நூல் மட்டும் நான் ரெண்டு கோன் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.